கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு

கல்லச்சுப் பட்டறையில் அச்சு வேலை தெரிந்தவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். ஆனால் ‘அச்சுக்காரர்’ என்றால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். முப்பத்தோரு வருடம் ஒரே இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றியதில் வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. புகைப்படம் எடுப்பவர்கள் “கொஞ்சம் நேரா நில்லுங்க” என்றால், “இதுதாங்க என்னோட நேர்” என்பார். அவர் பேசியதாகப் பட்டறையில் யாராவது நினைவு வைத்திருக்கும் நகைச்சுவை அது ஒன்றுதான். அந்த வீட்டுக்கு வந்த நகைச்சுவையெல்லாம் தம்பியின் பங்குக்கே போய்விட்டது என்று அவர் மனைவி சொல்வாள்.

கல்லச்சு என்றால் ஏதோ செதுக்குகிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். செதுக்குவதே கிடையாது. சமமாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் ஓவியர் கொழுப்புக் கலந்த கறுப்புக் குச்சியால் வரைவார். அதன்மேல் பிசினும் சில சொட்டு அமிலமும் கலந்து பூசி ஊறவைப்பது அச்சுக்காரரின் வேலை. ஊறிய பிறகு கல்லுக்கு இரண்டு குணம் வந்துவிடும். கோடு விழுந்த இடம் மையைப் பிடிக்கும். விழாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை அண்டவிடாது. ஈரம் காட்டி, மை உருளையை ஓட்டி, தாளை வைத்து இயந்திரத்தில் இழுத்தால், ஓவியரின் கையசைவு இடம் வலமாக மாறித் தாளில் வந்து நிற்கும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. குச்சியை அழுத்தித் தேய்த்த இடங்களில் கொழுப்பு மெல்லப் பரவும். நுண்ணிய புள்ளிகளாக இருக்க வேண்டிய நிழல், புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தார் பூசியதுபோல ஆகிவிடும். ‘கறுப்பு அடைச்சுப் போச்சு’ என்பார்கள். அடைத்த கறுப்பைத் திறப்பதில்தான் அச்சுக்காரருக்குப் பெயர். மெல்லிய தூரிகையில் கொஞ்சம் காரமான அமிலத்தைத் தொட்டு, அடைத்த இடத்தில் மட்டும் வைத்து, வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்து, சட்டென்று நீரால் துடைத்தெடுப்பார். மறுபடி இழுக்கும் தாளில் அந்த இடம் மூச்சு விட்டிருக்கும். எத்தனை எண்ணுவார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. “கல்லு சொல்லும்” என்பார். கல் சொல்வதைத் தான் கேட்கிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

தாளைப் பார்ப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. சோதனைக்கு இழுத்த முதல் தாளை மேசையில் தலைகீழாக வைப்பார். மடித்த அட்டையால் நான்கில் மூன்று பங்கை மறைத்துவிட்டு, மீதிக் கால் பங்கை உருப்பெருக்கியால் பார்ப்பார். பிறகு அடுத்த கால் பங்கு. “முகமாப் பார்த்தா ஏமாந்துடுவோம். மூக்கு மூக்காத் தெரிஞ்சா மை தெரியாது” என்பது அவர் கட்சி. அப்படி அவர் கையால் அச்சாகிப் போன முகங்கள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். தெருவில் எதிரே வந்தால் அவற்றில் ஒன்றைக்கூட அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது.

தம்பி அவரைவிடப் பதினொரு வயது இளையவன். பெயர் இருந்தாலும் எல்லாருக்கும் அவன் ‘வெடி’தான். தெருமுனையில் சிரித்தால் மாடியில் கேட்கும். கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. “மேல போறவனுக்கும் நான்தான் பொறுப்பு, கீழ போறவனுக்கும் நான்தான் பொறுப்பு. நடுவுல மாட்டிக்கிட்டவன்தான் என்னைத் திட்டுவான்” என்பான். அப்பா இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடச் சட்டையிலிருந்து கல்யாணச் சட்டைவரை அண்ணன் எடுத்துக் கொடுத்ததுதான். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குக் குடிபோன பிறகும் வாரத்தில் இரண்டு நாளாவது அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவான். அவன் வந்தால் அண்ணி கதவைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிடுவாள். அவன் போன பிறகு வீடு காலியாகிவிட்டதுபோல இருக்கும். அவன் எதற்காகவாவது வருந்தி அவர் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதை, இல்லை என்றே எடுத்துக்கொண்டார். நாம் எல்லாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். அது சோம்பல் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

பிரெஞ்சுக்காரர் பட்டறைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். எழுபதைத் தாண்டிய ஓவியர். பெரிய கைகள், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சவரத் தகடு. போகிற ஊர்களிலெல்லாம் சாதாரண ஆட்களின் முகத்தைக் கல்லில் வரைவது அவர் வழக்கம். குச்சியைப் படுக்கவைத்து இழுப்பார், விரலால் தேய்ப்பார், தகட்டால் சுரண்டுவார். கன்னம் எங்கே முடிகிறது, இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாப் படமும் தேறியது என்று சொல்வதற்கில்லை. அங்கே வரைந்த ஆறு முகங்களில் இரண்டு வெறும் ஆர்ப்பாட்டம், மூன்று பரவாயில்லை.

ஆறாவது முகம் தம்பியுடையது. அது தற்செயலாக நடந்தது. கற்களை மேலே ஏற்றும் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதால் கம்பெனி அவனை அனுப்பியிருந்தது. அவன் லிஃப்ட் பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உதிரிப் பாகம் ஒன்று வரும்வரை தரையில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் யாரும் இல்லை என்று நினைத்திருந்தான். கை கழுவ வந்த பிரெஞ்சுக்காரர் கதவருகே நின்று அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கை கழுவாமலே திரும்பிப் போய், மொழிபெயர்ப்புக்காக வைத்திருந்த பெண்ணை அனுப்பினார்.

“உங்களை வரையணுமாம்” என்றாள் அந்தப் பெண்.

“என்னையா? லிஃப்ட் ஓடலேன்னா போலீஸ்ல அடையாளம் காட்டவா?”

உட்கார்ந்து பத்து நிமிடம் அவன் பேச்சை நிறுத்தவில்லை. அந்தப் பெண் சிரித்துச் சிரித்து மொழிபெயர்த்தாள். ஓவியர் சிரிக்கவில்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

“பேச வேண்டாமாம். சிரிக்கவும் வேண்டாமாம். ஒண்ணுமே செய்யாம இருந்தாப் போதும்கிறார்.”

“அதுக்குத்தானே கம்பெனில எனக்குச் சம்பளமே தர்றாங்க” என்றான். பிறகு பேசவில்லை. நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடமும் அச்சுக்காரர் அதே அறையில்தான் இருந்தார். முதுகைக் காட்டி நின்று, மறுநாளுக்கான மையைப் பளிங்குப் பலகையில் குழைத்துக்கொண்டிருந்தார். தம்பி இவ்வளவு நேரம் சத்தம் போடாமல் இருப்பது இதுவே முதல் தடவை என்று நினைத்ததும், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டதும் அவருக்கு நினைவிருக்கிறது.

ஓவியர் மறுநாள் வேறொரு ஊருக்குப் போய்விட்டார். திரும்பிவர நான்கு நாள். அதற்குள் கல்லைப் பதப்படுத்தி, சோதனைத் தாள் இழுத்து வைப்பதாக ஏற்பாடு. அச்சுக்காரர் முதல் தாளை இழுத்தபோது, லிஃப்ட்டுக்கு உதிரிப் பாகம் மாட்ட வந்த தம்பி மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். தாளைக் கல்லிலிருந்து உரித்து மேசையில் போட்டதும் அவன் குனிந்தான். தாள் அண்ணனுக்குத் தலைகீழாகவும், எதிரே நின்ற தம்பிக்கு நேராகவும் இருந்தது.

அவன் வெகு நேரம் பார்த்தான். பிறகு, “இது நானா அண்ணா?” என்று கேட்டான்.

அண்ணன் அட்டையை வைத்து மறைத்துக் கால் கால் பங்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கண்களுக்குக் கீழேயும் கறுப்பு அடைத்திருந்தது. வாயின் ஓரத்தில் அதைவிட மோசம். நெற்றியின் இடப்புறம் மட்டும் சுத்தமாக வந்திருந்தது.

“கறுப்பு அடைச்சிருக்குடா. மனுஷன் குச்சியைப் போட்டு அழுத்து அழுத்துன்னு அழுத்தியிருக்கார். சரி பண்ணிடறேன்.”

“சரி பண்ணிடுவீங்களா?”

“அரை மணி நேர வேலை.”

தம்பி நிமிர்ந்தான். ஒரு நொடி கழித்துச் சிரித்தான். மேல் தளத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தான். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டைப் பார்க்கப் போனான்.

சொன்னபடியே அரை மணி நேர வேலைதான். கண்ணுக்குக் கீழே தூரிகையால் தொட்டு, எண்ணி, துடைத்தார். வாயோரத்தில் ஊசியால் ஏழெட்டு மெல்லிய கீறல் போட்டார். மறுபடி இழுத்தபோது முகம் திறந்துகொண்டது. நிழல் நிழலாக இருந்தது. களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒரு வேலைக்காரனின் முகம்; இன்னும் கொஞ்சம் பார்த்தால் சிரித்துவிடும் போலத் தோன்றும் முகம். முதல் தாளை வழக்கப்படி திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மையின் கலவையையும் அழுத்தத்தின் அளவையும் எழுதி, வேலைக் குறிப்புகளோடு அலமாரிக் கதவின் உட்புறம் குத்தி வைத்தார். கெட்டுப்போன தாளின் முதுகுதான் அந்தப் பட்டறையின் குறிப்பேடு.

திரும்பி வந்த ஓவியர் புதிய தாளைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். கல்லைத் தொட்டுப் பார்த்தார். அச்சுக்காரர் கையால் சைகை காட்டி, அடைத்ததையும் திறந்ததையும் விளக்கினார். ஓவியர் மொழிபெயர்ப்புப் பெண்ணிடம் ஒரு வாக்கியம் சொன்னார்.

“கல்லுக்குத் தன்னைவிட இரக்கம் ஜாஸ்தியாம்” என்றாள் அவள்.

அச்சுக்காரர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். ஓவியர் மறுக்கவும் இல்லை, புகழவும் இல்லை. முப்பது தாள் இழுக்கச் சொல்லி, முப்பதிலும் கையெழுத்துப் போட்டார். அச்சடிக்கிறவருக்கு ஒரு தாள் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். தனக்குக் கிடைத்ததை அச்சுக்காரர் சட்டம் போட்டுத் தம்பி வீட்டுக்குக் கொடுத்தார். தம்பி மனைவி அதை முன்னறையில், தையல் மெஷினுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினாள். ஆயத்த ஆடைக் கடைகளுக்கு அளவு திருத்திக் கொடுப்பது அவள் வேலை. ஊசியில் நூல் கோக்க நிமிரும்போதெல்லாம் அந்த முகம் எதிரே இருக்கும். வேலை முடிந்த கல்லை, வழக்கம்போல மணல் போட்டுத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்தார்கள். தேய்த்தது அச்சுக்காரரேதான்.

ஒன்றரை வருடம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி வேலைக்குக் கிளம்பினான். கருவிப் பையைக் கம்பெனியில் வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் காவலாளியிடம் ஒரு ஜோக் சொல்லிவிட்டு, ஆற்றுப் பக்கம் நடந்து போனான். வெள்ளிக்கிழமைதான் கிடைத்தான். கடிதம் எதுவும் இல்லை. என்ன ஜோக் என்று அச்சுக்காரர் காவலாளியிடம் போய்க் கேட்டார். காவலாளிக்கு நினைவில்லை. “சிரிச்சேங்க. அது மட்டும் ஞாபகம் இருக்கு” என்று சொல்லி அழுதார்.

எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: இவனா? வெடியா? எதற்கு? கடன் இல்லை, வியாதி இல்லை, வேறு தொடர்பு இல்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதர்கள் பக்கத்தில் இருப்பவரைக் காரணமாக்கிவிடுவார்கள். இங்கே அந்தச் சிரமத்தைக்கூட யாருக்கும் வைக்காமல் தம்பி மனைவி தானே முன்வந்து ஏற்றுக்கொண்டாள். அன்று காலை இருவருக்கும் சண்டை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். என்ன வார்த்தை என்று யாரிடமும் சொல்லவில்லை.

“நான் சொன்ன வார்த்தைதான் மாமா” என்று மட்டும் சொன்னாள். “வேற ஒண்ணுமே இல்ல. அந்த வார்த்தைய நான் வாயத் தொறந்து சொல்லலேன்னா மனுஷன் சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார்.”

வாரங்கள் போகப் போக அவள் இளைத்தாள். மெஷினில் உட்காருவாள், தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். அச்சுக்காரரின் மனைவி தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, முந்தின நாள் பாத்திரத்தை அப்படியே திருப்பி எடுத்துவருவாள். “இப்படியே போனா இவளும் போயிடுவாங்க” என்று ஒரு நாள் சமையலறையில் நின்றபடி சொன்னாள். அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் அச்சுக்காரருக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது மாதம். பழைய மைக் கலவை ஒன்று தேவைப்பட்டு அலமாரிக் கதவைத் திறந்து குறிப்புகளைத் தேடினார். தன் கையெழுத்தைப் பார்த்து ஒரு தாளை உருவியபோது ஆணி கழன்று தாள் தரையில் விழுந்தது. படம் மேலே தெரியும்படி, அவருக்கு நேராக விழுந்தது.

மறைப்பதற்குக் கையில் அட்டை இல்லை. முதல் தடவையாக அவர் அந்தத் தாளை முகமாகப் பார்த்தார்.

அது மகத்தான படமா என்பது வேறு கேள்வி. நெற்றி வரையப்பட்ட விதத்தில் அவசரம் இருந்தது, காது சரியில்லை. ஆனால் கண்களுக்குக் கீழே இருந்த கறுப்பு, அடைத்த கறுப்பு இல்லை. அது வரையப்பட்ட கறுப்பு. உருப்பெருக்கி இல்லாமலே தெரிந்தது. குச்சி பல தடவை போய்வந்த தடம், விரல் தேய்த்த தடம், தகடு சுரண்டி வேண்டாமென்று மறுபடி பூசிய தடம் எல்லாம் இருந்தன. ஒரு மனிதன் தன்னைச் சுற்றி யாரும் இல்லை என்று நினைத்து உட்கார்ந்திருக்கும்போது அவன் முகத்தில் என்ன இருக்குமோ, அது அங்கே இருந்தது. இனி எதையும் எதிர்பார்க்காத முகம். வருந்துகிற முகம்கூட இல்லை. வருத்தத்துக்கும் தெம்பு வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்த ஒருவர், மொழி தெரியாதவர், கதவருகே நின்று ஒரே பார்வையில் கண்டுகொண்டது. தான் நாற்பத்தாறு வருடம் கூட இருந்தும் காணாதது. கண்ணெதிரே தாளில் வந்தபோதும் பிழை என்று நினைத்து அழித்தது.

அச்சுக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தாள் அறுப்பவர் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் காட்டினார். அவள் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள்.

“எரிச்சுடுங்க.”

“அவகிட்டக் காட்டணும்.”

“எதுக்கு? செத்தவரு எழுந்து வரப்போறாரா?”

“அவ தன்னாலதான்னு நினைச்சு உருகிக்கிட்டிருக்கா. இது ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சது. அப்பவே இப்படித்தான் இருந்திருக்கான். அன்னைக்குக் காலையில சொன்ன வார்த்தையால வந்தது இல்ல.”

“அப்படின்னா யாரால வந்தது?” என்றாள் மனைவி. “அதையும் கேப்பா. நீங்க அழிச்சதையும் சொல்லணும். சொல்வீங்களா?”

அதுதான் விஷயம். காட்டினால் அவள் மேலிருந்து பழி இறங்கும். இறங்குகிற பழி நேராக வந்து அவர் தலையில் ஏறும். காட்டாவிட்டால் அவள் அதைச் சுமந்துகொண்டே கரைந்துபோவாள், அவர் யாருக்கும் தெரியாமல் பிழைத்துக்கொள்வார். ஒன்பது நாள் தாள் பீரோவில் இருந்தது. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று முதல் நாளே அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒன்பது நாள் ஆயிற்று. சரியானது எது என்று தெரிந்துகொள்வதற்கும் அதைச் செய்வதற்கும் நடுவே இருக்கும் அந்த நாட்களில்தான் ஒரு மனிதன் தான் யார் என்று பார்த்துக்கொள்கிறான். அவருக்குத் தெரிந்தது பிடிக்கவில்லை.

பத்தாம் நாள் மதியம் போனார். கதவு திறந்தே இருந்தது. தம்பி மனைவி மெஷினில் உட்கார்ந்து கால்சட்டைகளின் கீழ் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னும் ஒரு குவியல் கிடந்தது.

“வாங்க மாமா. அஞ்சு மணிக்குக் கடைக்காரர் வந்துடுவார். தைச்சுக்கிட்டே பேசட்டுமா?”

“கொஞ்சம் நிறுத்தும்மா. ஒண்ணு காட்டணும்.”

அவர் உருளையாகச் சுருட்டியிருந்த தாளைப் பிரித்து, மெஷின் பலகைமேல் விரித்து, இரண்டு ஓரத்திலும் கையை வைத்துக்கொண்டார். அவளுக்கு நேராக வைத்தார். தான் பார்க்கவில்லை; அவள் முகத்தைப் பார்த்தார். அதிர்ச்சியை எதிர்பார்த்தார், அழுகையை எதிர்பார்த்தார். இரண்டும் வரவில்லை. அவள் பழகிய ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“இது எங்கேருந்து வந்தது?” என்றாள்.

“அதே கல்லுதான். முதல்ல இழுத்த தாள். பாரும்மா. ஒன்றரை வருஷம் முன்னாடியே அவன் இப்படித்தான் இருந்திருக்கான். உன் வார்த்தையால இல்ல. அன்னைக்குக் காலையில வந்தது இல்ல இது.”

“இது எனக்குத் தெரியும் மாமா.”

“என்னது?”

“இதுதான் எனக்குத் தெரிஞ்ச முகம். கல்யாணமான ரெண்டாவது வருஷத்துலேருந்து. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அந்தச் சிரிப்பையும் கழட்டி வச்சிடுவார். உள்ள வந்தா இதுதான். சாப்பிடும்போது, படுக்கும்போது, எப்பவும்.” அவள் நிமிர்ந்து எதிர்ச்சுவரைக் காட்டினாள். “நீங்க அந்தப் படத்தைக் கொண்டுவந்து குடுத்தீங்க. பார்த்தேன். ஓவியர், பெரிய மனுஷன், முகத்தை உள்ளபடி வரையறவருன்னு சொன்னீங்க. அப்ப வெளியில இருக்கும்போது இவர் நிஜமாவே இப்படித்தான் நிம்மதியா இருக்கார்னு தெரிஞ்சுகிட்டேன். பட்டறையில, அண்ணன் பக்கத்துல இருந்தா நல்லா இருக்கார். என்கிட்ட வந்தாத்தான் அந்த மூஞ்சி. அப்ப அதுக்குக் காரணம் நான்தானே?”

அச்சுக்காரர் திரும்பிச் சுவர்ப் படத்தைப் பார்த்தார்.

“தினமும் பார்த்தேன் மாமா. நூல் கோக்கறப்பல்லாம் பார்த்தேன். அன்னைக்குக் காலையில தாங்க முடியாம அதைத்தான் சொன்னேன். ‘ஊருக்கெல்லாம் சிரிப்பு, எனக்கு மட்டும் இந்த மூஞ்சி. என்னைத்தான் பிடிக்கலேன்னா போங்க, போய் அங்கேயே இருங்க’ன்னு சொன்னேன்.”

தெருவில் ஒரு வண்டி நின்று கிளம்பியது. அவள் தாளின் ஓரத்தைத் தொட்டாள்.

“அப்படின்னா அந்த ஓவியரும் இதைத்தான் பார்த்தாரா?”

“ஆமாம்மா.”

“பின்ன அது?” சுவர்ப் படத்தைப் பார்த்துக் கேட்டாள். “அதை யார் அப்படி ஆக்கினது?”

“நான்தான்” என்றார். “கறுப்பு அடைச்சிருக்குன்னு நினைச்சேன். அமிலம் வச்சுத் திறந்தேன். எனக்கு அது முகமாவே தெரியலம்மா. மையாத்தான் தெரிஞ்சது.”

சொல்லி முடித்ததும் அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவர் ஒன்பது நாளும் எந்தக் கேள்விக்குப் பயந்தாரோ அதைக் கேட்டாள். அது “ஏன் அழித்தீர்கள்” என்ற கேள்வி இல்லை.

“அவர் இதைப் பார்த்தாரா?”

பொய் சொல்லலாம். அன்று அந்தத் தாளைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் போய்விட்டான். இல்லை என்று தலையசைத்தால் போதும்.

“பார்த்தான்.”

“என்ன சொன்னார்?”

“‘இது நானா அண்ணா’ன்னு கேட்டான்.”

“நீங்க?”

“கறுப்பு அடைச்சிருக்குடா, சரி பண்ணிடறேன்னு சொன்னேன்.”

“அதுக்கு?”

“சரி பண்ணிடுவீங்களான்னு கேட்டான். அரை மணி நேர வேலைன்னேன். சிரிச்சான்.”

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். “அன்னைக்குச் சாயங்காலம் வந்து சொன்னார். இப்ப ஞாபகம் வருது. ‘அண்ணன்கிட்ட என் மூஞ்சியக் காட்டினேன்டி, நல்லா தேச்சுக் கழுவிக் குடுத்துட்டார்’னு சொல்லிச் சிரிச்சார். வீட்டுக்குள்ள அவர் சிரிச்சது அபூர்வம். எனக்கு என்னன்னு புரியல. சந்தோஷமா இருக்காராக்கும்னு நினைச்சுத் தோசைக் கரண்டியோட நின்னு நானும் சிரிச்சேன்.”

அவளிடமிருந்து எதையாவது இறக்கி வைக்கலாம் என்று வந்தவர் அவர். எதுவும் இறங்கவில்லை. இதுவரை அவள் ஒரு காலையை மட்டும் சுமந்துகொண்டிருந்தாள்; இப்போது ஒரு சாயங்காலமும் சேர்ந்துகொண்டது. இருவரிடமும் அவன் வந்து கேட்டிருக்கிறான். ஒருவர் திருத்தினார், ஒருத்தி சிரித்தாள். உண்மை மனிதனை விடுதலை செய்யும் என்று நம்புகிறவர்கள் அந்த அறையில் அன்று இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை.

“ரெண்டுல எதையாவது நான் எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று கடைசியில் கேட்டார்.

அவள் தாளைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த கால்சட்டையை எடுத்து ஓரத்தை மடித்து ஊசிக்குக் கீழே கொடுத்தாள். மெஷின் ஓடியது. ஒன்று முடிந்து இன்னொன்று. அவரைப் போகச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை; அவர் எழுந்து போகவும் இல்லை. ஜன்னலை ஒட்டிய நாற்காலியில், இறங்கிய தோளோடு உட்கார்ந்திருந்தார்.

நாலரை மணி இருக்கும். அவள் திரும்பாமலே சொன்னாள்:

“மாமா, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.”

அவர் நாற்காலியைச் சுவர் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.